நைட்டி அட்டைக்கு ஐந்து பெண்கள்

ஜூன் 3, செவ்வாய்

ஜெயசுதா அக்கா புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் பிரிக்காமலே பீரோவுக்கு மேல் கிடந்தது. இன்று புது வேலை வந்திருக்கிறது. அதனால் ஜூனில் ஆரம்பிக்கிறேன். முன்னால் இருக்கும் வெற்றுத் தாள்களில் மகள் தாரணி கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

அக்கா ஈரோட்டில் நைட்டி தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார். இதுவரை அவர் நைட்டிகளின் கவர் அட்டையில் இருந்தது ஒரு வடநாட்டுப் பெண்ணின் போட்டோ. அதை மாற்ற வேண்டுமாம்.

"அந்தப் புள்ள இடுப்புல கை வெச்சுட்டு நிக்குது சுகந்தி. நைட்டி போட்டுட்டு எவ அப்படி நிக்கறா? நேத்து கடைல ஒரு அம்மா கேக்கறாங்க, இந்தப் பொண்ணுக்கு வீட்டுல வேலையே இல்லீங்களான்னு. எங்கிட்ட வாங்கறவங்கள வரைஞ்சு குடு."

ஐந்து அளவு. ஐந்து பெண்கள். வயது வேறு, உடம்பு வேறு. தீபாவளிச் சரக்குக்கு அட்டை அடிக்க வேண்டும், எனவே ஆடி முடிவதற்குள் படம் கையில் வேண்டும்.

பத்திரிகைத் தொடர்கதைகளுக்கு வரைந்து பழகிய கை இது. இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே வரைந்துவிடுவதால் ரொம்ப நாளாகச் சும்மா இருக்கிறது. அக்கா பேசி முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன்.

மதியம் படுத்தவள் காபி நேரத்துக்குத்தான் எழுந்தேன். நான் மதியத்தில் தூங்குகிறவள் அல்ல. ஈரோட்டு வெயில் யாரையும் சாய்த்துவிடும்.

ஜூன் 6, வெள்ளி

ஒரே மூச்சில் ஐந்தையும் வரைந்து முடித்தேன். தாரணி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஸ்கேன் செய்து அனுப்பினாள். பிளஸ் டூ படிக்கிற பெண்ணுக்கு இந்த வேலை எல்லாம் சுண்டு விரலில் இருக்கிறது.

அக்கா உடனே கூப்பிட்டார்.

"அஞ்சும் ஒரே பொம்பளை. ஒருத்திக்கு நரைய அடிச்சு உட்டிருக்க. ஒருத்திக்குக் காத்தடிச்சு உட்டிருக்க. வேற என்ன?"

கோபம் வந்தது. படங்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஐந்து பேருக்கும் ஒரே கழுத்து. ஒரே விரல். ஊதப்பட்டவளுக்கும் கணுக்கால் மான் மாதிரி. தொடர்கதை நாயகி, இருபது வருடமாக என் பென்சிலில் குடியிருப்பவள், ஐந்து வேஷம் கட்டி வந்திருக்கிறாள்.

கோபத்தை அடக்கிக்கொண்டு ஒரு மாங்காய் அரிந்து உப்பு மிளகாய்த்தூள் போட்டுத் தின்றேன். முழு மாங்காய்.

ஜூன் 9, திங்கள்

நேரில் பார்த்துத்தான் வரைய வேண்டும் என்று முடிவு. நைட்டி போட்ட பெண்களுக்கு எங்கள் தெருவில் பஞ்சமா? காலையில் கேட்டைத் திறந்தால் அத்தனை வாசலிலும் நைட்டி. பால் வாங்குகிறது, கோலம் போடுகிறது, குப்பை வண்டிக்காரரோடு சண்டை பிடிக்கிறது.

ஆனால் நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தேனோ இல்லையோ, ஒவ்வொருத்தியும் உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது எல்லார் தோளிலும் ஒரு துண்டு. கழுத்திலிருந்து வயிறு வரை மூடிக்கொண்டு, "இப்ப வரைங்க" என்கிறார்கள்.

அக்காவிடம் சொன்னேன். "துண்டு விக்கறதுக்கா நான் கம்பெனி நடத்தறேன்?" என்றார்.

நான் மட்டும் என்ன? அவர்கள் வீட்டுக்கு நான் போனதே நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டுதான்.

ஜூன் 12, வியாழன்

முதல் ஆள் கிடைத்தார். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனியின் ஆகப் பெரிய அளவு அவருக்குச் சரியாக இருந்தது. துண்டு எடுத்து வரட்டுமா என்று நானே கேட்டேன்.

"எதுக்கு? மழையா பேயுது?"

நாற்காலியில் அமர்ந்து வகுப்பு எடுக்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் வரைய வரைய எட்டிப் பார்த்தார்.

"தாடைக்குக் கீழ ரெண்டு மடிப்பு இருக்குது. நீ ஒண்ணுதான் போட்டிருக்க."

"அது வந்துங்க டீச்சர், நல்லா இருக்கட்டுமேன்னு..."

"நல்லாத்தான் இருக்குது. ரெண்டையும் போடு. கேக்காம எப்படி நீ ஒண்ணக் கழிக்கலாம்?"

அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். கை முழங்கைக்கு மேல் எப்படி விரிகிறது, வயிறு உட்காரும்போது எப்படி இரண்டு பக்கமும் பரவி மடியில் இறங்குகிறது, இதெல்லாம் எனக்குத் தெரியாது என்பதே இன்றுதான் தெரிந்தது. மனதில் இருப்பது கைக்கு வராமல், கண்ணில் பட்டது மட்டும் வர வேண்டும். இரண்டு மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிட்டது. ஆனால் தாளில் டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். அவரேதான்.

பேச்சுவாக்கில் எனக்கு நாள் தள்ளிப்போவதைச் சொன்னேன். அவருக்கும் நாற்பத்து மூன்றில்தான் ஆட்டம் காட்டிப் பிறகு நின்றதாம். எனக்கும் நாற்பத்து மூன்று. சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

அக்காவின் குடோனுக்குப் போனேன். புதுத் துணியின் கஞ்சி வாசம் என்றால் எனக்கு உயிர். இன்று உள்ளே நுழைந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. வெளியே ஓடி வேப்ப மரத்தடியில் நின்றேன். ஏதோ மட்டமான கஞ்சி போடுகிறார்கள். அக்காவிடம் சொன்னால் வருத்தப்படுவார்.

டீச்சரின் படத்தைப் பார்த்ததும் அக்கா, "இதுதான்" என்றார். பிறகு, "எனக்கே போய் ஒண்ணு வாங்கோணும்னு தோணுது" என்றார்.

ஜூன் 23, திங்கள்

கீரைக்காரப் பழனாத்தாள் வந்து உட்கார்ந்தாள். எழுபதைத் தாண்டியவள், வெற்றிலைக் கொடி மாதிரி மெலிவு. மகள் வாங்கிக் கொடுத்த நைட்டியைத்தான் இப்போதெல்லாம் போட்டுக்கொண்டு கூடை தூக்குகிறாள். நடக்கத் தோதாக ஒரு பக்கம் தூக்கிச் செருகியிருக்கிறாள்.

"என்னய வரைஞ்சா எவ வாங்குவா அம்மணி? கொம்புல துணி காயப்போட்ட மாதிரி இருக்கும்."

"எங்க ஜெயசுதா அக்கா கேக்கறாங்க. உங்க அளவுதாங்க கடைல கெடைக்கறதே இல்லயாம்."

"அப்படிப் போடு. எல்லாத்துக்குள்ளயும் என்னாட்ட ரெண்டு ஆளு போலாம்." துண்டைத் தானே எடுத்துக் கீரைமேல் போர்த்தினாள். "வாடிப் போயிரும்."

அவள் கழுத்தெலும்பு வரைய வரைய அழகாக வந்தது. அந்தப் பள்ளத்தில் நிழல் விழும் விதத்துக்காகவே இன்னொரு படம் வரையலாம்.

ஜூன் 30, திங்கள்

என் சுடிதார் எல்லாம் துவைத்துத் துவைத்துச் சுருங்கிவிட்டன. இந்தத் தண்ணீரில் உப்பு அதிகம். வரைகிற நேரத்தில் நைட்டியே வசதி.

வீட்டுக்காரர் மயில்சாமி சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் காயில் கட்டுகிறவர், எதையும் சுற்று எண்ணிப் பார்த்துத்தான் பழக்கம். என்னங்க என்றேன். ஒன்றுமில்லை என்றார். சாயங்காலம் பட்டறையிலிருந்து வரும்போது ஒரு பை மாங்காய் வாங்கிவந்தார். நான் கேட்கவே இல்லை.

ஜூலை 4, வெள்ளி

ஜெராக்ஸ் கடை கௌரியை வரைந்தேன். குழந்தையில் வந்த போலியோ, ஒரு கால் சூம்பியது. குச்சி வைத்துத்தான் நடப்பாள். கூடவே வாய் நிறையப் பேச்சு.

"எனக்கு ஒத்துவர்ற ஒரே துணி நைட்டிதாங்க்கா. சேலை தடுக்குது. சுடிதார்ல காலு தனியாத் தெரியுது, ஜனங்க மூஞ்சியப் பாக்காம காலையே பாத்துட்டுப் பேசறாங்க. இதுல ரெண்டு காலும் ஒண்ணுதான்."

"நிக்கறீங்களா, ஒக்கார்றீங்களா?"

"நிக்கறேன். அட்டைல எல்லாரும் நிக்கறப்ப நான் மட்டும் ஒக்காந்தா எப்படி?" பிறகு, "குச்சிய என்னங்க்கா பண்றது?" என்றாள்.

"புடிச்சுக்கங்க."

"அட்டைலயுமா?"

"கடைல அப்படித்தான நிக்கறீங்க?"

பிறகு குச்சியை நன்றாக ஊன்றித் தோளை நிமிர்த்தினாள். நான் பத்து மாடல்களைப் பிடித்திருந்தாலும் அந்த ஒரு நிமிர்வு கிடைத்திருக்காது.

ஜூலை 10, வியாழன்

பின் தெரு நூர்ஜஹான். இருபத்தாறு வயது, கைக்குழந்தைக்காரி. பால் கொடுக்கும் வசதிக்காக முன்னால் ஜிப் வைத்த மாடல். குழந்தை ஒரு இடத்தில் இருக்கவில்லை, அதனால் இடுப்பில் இருக்கிற மாதிரியே வரைந்தேன். பிள்ளை பெற்ற வயிறு இன்னும் முழுதாக உள்ளே போகாத தளர்வு. அதையும் விடவில்லை.

முடித்ததும் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, உங்களுக்கும் இந்த ஜிப் மாடல்ல ரெண்டு எடுத்து வெச்சரச் சொல்லட்டுங்களா?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. சதை போட்டிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இப்படியா கேலி செய்வது? தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாளை முதல் காலையில் நடக்கப் போகிறேன்.

ஜூலை 14, திங்கள்

நடக்கவில்லை. தூக்கம்.

ஜூலை 21, திங்கள்

நான்கு படம் தயார். ஐந்தாவதுதான் கிடைக்கவில்லை. நடு வயது, நடு அளவு, சாதாரணம். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் அவர்களுக்குத்தான் வெட்கம் அதிகம். கிழவிக்கு இல்லை, டீச்சருக்கு இல்லை, நடுவில் இருப்பவர்கள் துண்டை விட மாட்டேன் என்கிறார்கள்.

"வெளிய எதுக்கு ஆள் தேடற? உங்க வீட்டுல கண்ணாடி இல்லயா?" என்றார் ஜெயசுதா அக்கா.

ஜூலை 22, செவ்வாய்

தாரணி பள்ளிக்கூடம், இவர் பட்டறை. கம்பெனியின் நீலப் பூப்போட்ட எக்ஸ்எல் நைட்டியை மாட்டிக்கொண்டு பீரோ கண்ணாடியின் முன் நின்றேன். துண்டு கட்டிலில் கிடந்தது.

முகம் சுலபமாக வந்தது. கழுத்து, தோள், எல்லாம் சரி. மார்பிலிருந்து கோடு கீழே இறங்கியது. கண்ணில் பட்டதை மட்டும் போடு என்று ஒன்றரை மாதமாகக் கையைப் பழக்கியிருக்கிறேன். கை அதன் பாட்டுக்குப் போட்டது.

பார்த்தேன். வயிறு தப்பாக வந்திருந்தது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். அதே கோடு. பக்கவாட்டில் திரும்பி நின்று மூன்றாம் முறை வரைந்தேன்.

சதை எப்படி இறங்கும் என்று எனக்கு இப்போது தெரியும். அது பரவும், மடியும், ஓரத்தில் வழியும். இந்தக் கோடு மடியவில்லை. அடிவயிற்றில் தொடங்கி, மெல்ல எழுந்து, மேலே போய்ச் சேர்கிறது. தாரணி வயிற்றில் இருந்தபோது இதே கண்ணாடியில் பார்த்த கோடு.

ஈரோட்டு வெயிலுக்கு இந்தக் கோடு கிடையாது. உப்புத் தண்ணீருக்கும் கிடையாது.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். அடுப்பில் பருப்பு தீய்ந்து வாசம் வந்த பிறகுதான் எழுந்தேன்.

ஜூலை 23, புதன்

நம் தெரு மெடிக்கலுக்குப் போகவில்லை. பஸ் ஏறிப் போய் வேறு கடையில் டெஸ்ட் கிட் கேட்டேன்.

"யாருக்குங்க? பொண்ணுக்குங்களா?" என்றார் கடைக்காரர்.

"பொண்ணுக்குப் பதினேழு வயசுதாங்க ஆகுது" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் நான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. "எனக்குத்தாங்க" என்றேன். அதற்கு அவர் முகம் இன்னொரு போக்குப் போனது.

இரண்டு கோடு.

இவரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார்.

"எனக்கு ஒரு மாசமாவே சந்தேகந்தான் சுகந்தி."

"அப்புறம் ஏங்க சொல்லல?"

"சொன்னா சண்டைக்கு வருவீன்னு பேசாம இருந்துட்டேன். மாங்காயாவது வாங்கிக் குடுப்பம்னு..."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அவரும் கொஞ்சம் செய்தார்.

ஜூலை 25, வெள்ளி

டாக்டர் லலிதாம்பிகை சுற்றி வளைக்காமல் பேசினார். மூன்று மாதம் தாண்டிவிட்டது. இந்த வயதில் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் வரலாம். குழந்தைக்குக் குறை இருக்கவும் வாய்ப்பு சற்று அதிகம். ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம். "வேண்டாம்னு நெனச்சாலும் தப்பில்ல. வேணும்னு நெனச்சாலும் தப்பில்ல. ஆனா சீக்கிரம் முடிவு பண்ணுங்க. முடிவு உங்களுது" என்றார். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் இவர், "உனக்கு எப்படியோ எனக்கும் அப்படி" என்றார். கோபமாக வந்தது. ஒரு விஷயத்திலாவது இவர் முதலில் சொல்லக் கூடாதா?

ஒரு முடிவும் எடுக்கவில்லை. ரிசல்ட் வரட்டும்.

கோபியில் இருக்கும் நாத்தனார் சரஸ்வதி அண்ணிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். போன மாதம்தான் அவருக்கு மகன் வழிப் பேரன் பிறந்திருக்கிறான். என் பிள்ளை அந்தப் பேரனுக்கு மாமா முறையோ சித்தி முறையோ ஆகிவிடும். ஊரே சிரிக்கும்.

ஜூலை 28, திங்கள்

கடைவீதியில் மெத்தென்று மல் வேட்டி பார்த்தேன், தாரணி பிறந்தபோது கிழித்துச் சுற்றிய மாதிரி. வாங்கினேன். பிரஷ் துடைக்கத் துணி தேவைப்படுகிறது. இரண்டாக வாங்கினேன்.

ஜூலை 31, வியாழன்

தாரணியிடம் சொன்னோம். பதினேழு வயதுப் பெண்ணிடம் மறைப்பது சரியில்லை என்று இவர்தான் சொன்னார். சொல்லும்போது ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வெளையாடறீங்களா?" என்றாள். நாங்கள் விளையாடவில்லை என்று தெரிந்ததும், "என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட நான் என்னனு சொல்றது?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாடு வேண்டாம் என்று உள்ளே இருந்தே வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. தட்டைக் கதவருகில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் காலித் தட்டு வெளியே வந்தது. தயிர் வேண்டும் என்று இன்னொரு செய்தி.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பேசவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

பேசவில்லை. ரிசல்ட்டும் வரவில்லை. இன்று எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டாக்டரே கூப்பிட்டார். பரிசோதனையில் பார்த்தவரை குறை ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரையை மட்டும் கவனிக்க வேண்டும். "என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். முடிவு என்று தனியாக ஒன்றும் நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அக்கா அவசரப்படுத்துகிறார். ஐந்தாவது படத்தை நான் இன்னும் கொடுக்கவில்லை. வயிற்றைச் சமமாக்கி ஒரு படமும் வரைந்து வைத்தேன். சுத்தமான கோடு, அழகான கை. பார்த்தால் அந்தத் தொடர்கதைக்காரி திரும்ப வந்து நிற்கிறாள். கிழித்துப் போட்டேன்.

உண்மையான படத்தைக் கொடுக்கவும் பயம். ஈரோடு, கோபி, பவானி எல்லாக் கடையிலும் தொங்கும். சொந்தக்காரர்கள் யாருக்கும் நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

ஸ்கேன் செய்யத் தாரணி வேண்டும். மேசைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு சீட்டும் வைக்காமல், சமையலறைக்குள் போய்விட்டேன்.

பிறகு வாசற்படியில் வந்து நின்றாள். ஒரு வாரத்துக்குப் பின் அவள் குரல்.

"கை தப்பா இருக்கு."

"எந்தக் கை?"

"வலது கை. சும்மா தொங்குது. நீ அப்படி நிக்கறதே இல்லம்மா. ஒரு மாசமா எப்பப் பாத்தாலும் வயித்து மேலதான் வெச்சிருக்க. டிவி பாக்கறப்ப, போன் பேசறப்ப. இப்பக்கூட."

குனிந்து பார்த்தேன். ஆமாம்.

"நெசமா?"

"நான் தெனமும் பாக்கறனே" என்றாள். "உனக்கு ஏதாச்சும் ஆயிருமாம்மா? வயசானவங்களுக்கு ரிஸ்க்குனு நெட்ல போட்டிருக்கு."

இத்தனை நாளும் கதவைச் சாத்திக்கொண்டு அவள் படித்தது அதைத்தான். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இரண்டாவது. பக்கத்தில் உட்காரவைத்து டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். பயம் எனக்கும் இருக்கிறது என்பதையும் சேர்த்து. தோளில் சாய்ந்துகொண்டாள். என்னைவிட உயரமாகிவிட்டவள், குனிந்து சாய வேண்டியிருந்தது.

பிறகு கையை அழித்து, வயிற்றின்மேல் வைத்து வரைந்தேன். தாரணி ஸ்கேன் செய்தாள்.

"அனுப்பட்டுமா? அனுப்புனா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

"அனுப்பு" என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

அக்கா போனில் கூப்பிட்டார். "ஏன் சுகந்தி, அன்னைக்கு எங்க குடோன்ல இருந்து வெளிய ஓடுனது இதுக்குத்தானா அப்ப?" என்றார். அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது, நான் மரத்தடிக்கு ஓடியது. "நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். உனக்கே தெரியாதுன்னு யாரு கண்டா."

படத்தில் ஒரு கோட்டைக்கூட மாற்ற மாட்டேன் என்றார்.

நூர்ஜஹானிடம் போய், ஜிப் மாடலில் இரண்டு எடுத்து வைக்கச் சொல் என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

அட்டைகள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. கடைவீதியில் வாசலிலேயே ஐந்து பேரும் தொங்குகிறோம். ஸ்டெல்லா டீச்சர் தன் கவரை வாங்கி ஷோகேஸில் வைத்திருக்கிறார், நைட்டியைப் பிரிக்கவில்லை. பழனாத்தாள் கீரை வாங்குகிறவர்களிடம் எல்லாம், மொதல்ல இருக்கறது நானு என்கிறாளாம். கௌரியின் கடையில் அவள் படமே பெரிதாகி ஒட்டியிருக்கிறது, ஜெராக்ஸ் அவளுக்கு இலவசம்தானே.

மதியம் நான் படுத்திருந்தேன். இப்போது யாருக்கும் சாக்குச் சொல்லாமலே தூங்குகிறேன். இன்று தாரணிக்குப் பள்ளிக்கூடம் அரை நாள். போன் அடித்தது. கோபி சரஸ்வதி அண்ணி.

"சுகந்தி, கடைல ஒரு நைட்டி எடுத்தேன். மேல இருக்கற அட்டைல ஒரு பொம்பள, அச்சு உன்னாட்டவே இருக்கறா."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"அதுவும் முழுகாம இருக்கறவ மாதிரி கைய வயித்துல வெச்சுட்டு. எங்க வூட்டுக்காரரு நீதாங்கறாரு. நான் இல்லேங்கறேன். நீ சொல்லு, யாரு அது?"

"அது வந்துங்க அண்ணி..." என்றேன். எதிரில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த தாரணி என்னைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"அத்தை, நான் தாரணி. அது எங்கம்மாதான். அஞ்சாவது மாசம். பொறக்கறது தம்பியோ தங்கச்சியோ, தை மாசம் நீங்கதான் வந்து கூட இருக்கோணும், எனக்குப் பரீட்சை இருக்கு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பொறுமையாகச் சொன்னாள்:

"அது எக்ஸ்எல்லுங்க அத்தை. உங்களுக்கு டீச்சர் படம் போட்டதுதான் சரியா இருக்கும்."